குறை சொன்னால்தான் வாங்குவார்

அந்த அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் சங்கரன்கோவிலில் யாராவது கொண்டுபோய்க் காட்டிவிடுவார்கள். அவர் உடனே போன் போட்டு, “எழுதுனதெல்லாம் இருக்கட்டும் தம்பி, இதுல கொறை என்ன?” என்பார். ஒன்றுமில்லை என்று சொன்னேனோ, போச்சு. படிக்காமலேயே மடித்து வைத்துவிடுவார்.

எதை வாங்கப் போனாலும் அவருக்கு அது ஒன்றுதான் கேள்வி. புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சம்பழம் வாங்கப் போவார். “தங்கம் மாதிரி பழம்க்கா, கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்” என்று ஒருவர் சொன்னால் அந்தக் கடையைத் தாண்டிவிடுவார். “மேல நல்லாருக்கும்க்கா, அடியில கொஞ்சம் அழுகல் கெடக்கும்” என்று முனகுகிற ஆளிடம் பையை நீட்டுவார். துணிக்கடையில் சாயம் போகாது என்று சத்தியம் செய்த பையனிடம், “சாயம் போகாது, சரி. வேற என்ன போகும்?” என்று கேட்டு அவனைத் திருதிருவென முழிக்க வைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

டிரைவர் வைத்த கதையை ஊரில் எல்லாரும் சொல்வார்கள். நாலு பேர் வந்தார்களாம். மூன்று பேர் தங்களிடம் ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்றார்கள். நாலாவது ஆள் தலையைச் சொறிந்துகொண்டு, “மதியம் சோறு தின்னா கண்ணு சொக்கிரும்க்கா” என்றான். அவனுக்கே வேலை. அதற்காகக் குறையை மன்னித்துவிட்டார் என்று நினைக்கக் கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா வண்டியை ஓட்டுவார். டிரைவர் பின்சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு உறங்குவான். கழுகுமலை ரோட்டில் ஒருமுறை சோதனைக்கு வண்டியை மறித்த போலீஸ்காரர், பின்னால் படுத்திருப்பவன்தான் முதலாளி என்று நினைத்து, “ஐயா ஒறங்குதாரு, நீங்க போங்கம்மா” என்று குரலைத் தாழ்த்தி அனுப்பிவிட்டாராம்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அப்படித்தான். வந்தவர்கள் பையனின் படிப்பு, பழக்கம், பக்தி எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டே போனார்கள். இவர் கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நேராகப் பையனைப் பார்த்து, “தம்பிக்குக் கொறை என்ன?” என்று கேட்டுவிட்டார். பையனின் அம்மாவுக்கு முகம் கறுத்துப் போனது. பையன் மட்டும் யோசித்து, “கோவம் வந்தா பேச மாட்டேன். நாலு நாளாவும்” என்றான். அக்கா மகளைத் திரும்பிப் பார்த்தார். “நாலு நாளாம்ட்டி. சம்மதமா?” அந்தப் பெண்ணும் தாய்க்குத் தப்பாமல் பிறந்தவள். “எனக்கு அது ரெஸ்ட்டுல்லா!” என்றாள். கல்யாணம் முடிந்து இப்போது ரெண்டு பிள்ளைகள்.

இப்பேர்ப்பட்ட ஆளிடம் ஒரு கண்டுபிடிப்பை விற்கும் தலையெழுத்து எனக்கு வாய்த்தது.

நான் அப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் உரிமப் பிரிவு என்ற ஒன்றில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். பேராசிரியர்கள் எதையாவது கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கி வைத்திருப்பார்கள். அதைப் பயன்படுத்திக்கொள்ள ஆலைக்காரர்களிடம் உரிம ஒப்பந்தம் போட வேண்டும். அந்த ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக அலைவதுதான் என் வேலை. பிரிவு தொடங்கி மூன்று வருடமாக ஒரு கையெழுத்தும் விழவில்லை. இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, “ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள ஒண்ணாவது முடியணும்பா. இல்லேன்னா பிரிவையே மூடிடுவாங்க” என்றார். மூடினால் அவருக்குப் பழையபடி வகுப்பு இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை இருந்தது.

கையில் இருந்ததில் உருப்படியானது ஒரு பசை. சோலார் செல்லை நீங்கள் பார்த்திருக்கலாம். நீலத் தகடு, அதன்மேல் தலைமுடி கனத்தில் வெள்ளிக் கோடுகள். வெயிலில் பிறக்கும் மின்சாரத்தை அந்தக் கோடுகள்தான் அள்ளிக்கொண்டு வருகின்றன. வெள்ளிப் பசையை மெல்லிய சல்லடை வழியாகத் தேய்த்து அந்தக் கோடுகளைப் போட்டு, பிறகு உலையில் சுடுவார்கள். வெள்ளி விற்கிற விலை தெரியுமே! எங்கள் பேராசிரியர் ஒருவர் பாதிக்குமேல் செம்பைக் கலந்து, அதே வேலையைச் செய்யும் ஒரு பசையைப் பன்னிரண்டு வருடம் பாடுபட்டு உண்டாக்கியிருந்தார்.

பனவடலிசத்திரம் போகிற ரோட்டில் அக்காவின் ஆலை. முன்பு விசைத்தறி ஓடிய கொட்டகை. தறிகளை விற்றுவிட்டு, நீலத் தகடுகளை வெளியிலிருந்து வாங்கிக் கோடு போட்டுச் சுட்டு செல்லாக்கும் மெஷின்களை இறக்கியிருந்தார். நம்ம ஊர்ப் பையன் என்ற தைரியத்தில் போய் உட்கார்ந்தேன். லேப்டாப்பைத் திறந்து முக்கால் மணி நேரம் வாய் வலிக்கப் பேசினேன். படம், அட்டவணை, சோதனை முடிவு எல்லாம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரி தம்பி. கொறை என்ன?”

“கொறைன்னு ஒண்ணும் இல்லக்கா.”

“அப்ப வேண்டாம். காப்பி குடிச்சிட்டுப் போங்க.”

பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். குள்ளமான, முன்கோபக்கார மனிதர். “குறையா? என் பேஸ்ட்லயா? இத்தனை பக்கம் ரிப்போர்ட் கொடுத்திருக்கேனே, அந்தம்மா படிச்சாங்களா?” என்று சண்டைக்கு வந்தார். ரிப்போர்ட்டைக் கொண்டுபோனேன். அக்கா அதைக் கையில் நிறுத்துப் பார்த்தார். “இவ்வளவு கனமா நல்லத மட்டுமே எழுதியிருக்காரா?” என்றார். காப்பி வந்தது. குடித்துவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாவது தடவை எனக்கே ஒரு யோசனை தோன்றியது. பஸ்ஸில் வரும்போதே ஒரு குறையைத் தயார் செய்துகொண்டு போனேன். முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டு, “உண்மையச் சொல்லிருதேன்க்கா. இந்தப் பசை ரொம்ப மிச்சம் புடிக்கும். அதனால இப்ப வாங்கி வச்சிருக்க பழைய பசை உங்களுக்குத் தேங்கிப்போவும்” என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தார். “என் மகளுக்கு மொதல்ல ஒருத்தன் வந்தான். ‘எனக்குக் கோவமே வராது, அதான் என் கொறை’ன்னான். அவன் தம்பியா நீங்க?” என்றார். பக்கத்தில் தகடு அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் உலைச் சத்தமே அமுங்கிவிட்டது. அன்றைக்கும் காப்பி உண்டு.

விஷயம் காதுக்கு எட்டியதும் பேராசிரியருக்கு ரோசம் வந்துவிட்டது. தானே வந்து செய்து காட்டுவதாகச் சொன்னார். ஜூலை நடுவில் ஒரு நாள், மேல்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தபோது, பசை டப்பாவைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு என்னோடு வந்து இறங்கினார். ஆலையில் சட்டையைச் சுருட்டிவிட்டு அவரே சல்லடையை மாட்டினார். முதல் தகடு வெளியே வந்தது. என்ன அழகு! வகிடு எடுத்ததுபோலக் கோடுகள். நூறு தகடு போட்டார்கள். சோதனை மெஷினில் வைத்துப் பார்த்தால் எல்லாம் தேறின. பேராசிரியர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“நல்லாருக்கு சார். கொறை என்ன?” என்றார் அக்கா.

“கண் முன்னாடி பார்த்தீங்கள்ல? இன்னும் என்னம்மா குறை?”

“சரி, சாப்பிட்டுட்டுப் பேசுவோம்.”

ஊர்ப் பிரியாணி வந்தது. அந்த வாசனைக்கு முன்னால் எந்த ஆராய்ச்சியும் நிற்காது. பேராசிரியர் ரெண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு சுருள் வெற்றிலை. பிறகு தறி ஓட்டிய காலத்துக் கதைகள். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன், அக்கா நகரவே மாட்டேன் என்கிறார். வேண்டுமென்றேதான் இழுத்தடிக்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்றே முக்காலுக்கு எழுந்து, “மிச்சப் பசையையும் ஓட்டிப் பாத்துருவோமா?” என்றார்.

முதல் தகட்டிலேயே கோடு பல் விழுந்ததுபோல் இடையிடையே விட்டுப்போனது. அடுத்ததில் பாதிக் கோட்டைக் காணோம். பத்தாவது தகட்டில் சல்லடை மொத்தமாக அடைத்துக்கொண்டது. பேராசிரியர் காற்றைக் குறை சொன்னார். புழுதியைச் சொன்னார். கரண்டு ஏறி இறங்குகிறது என்றார். சல்லடை பழசு என்றார். மெஷின் ஓட்டிய பெண்ணின் கை நடுங்குகிறது என்றார். அந்தப் பெண், “எனக்கா நடுங்குது? சார் கையப் பாருங்க” என்றாள். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எனக்கு வாய் நிற்கவில்லை. “சார், லேப்ல நாம ஒவ்வொரு தடவையும் புதுசாக் கலந்துதானே போடுவோம்?” என்று கேட்டுவிட்டேன்.

என்னை எரிப்பதுபோல் பார்த்தார். பிறகு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “மூணு மணி நேரம்தாம்மா நிக்கும். அதுக்கு மேல இறுகிடும். செம்பு அப்படி. எட்டு வருஷமா அதைத்தான் சரிபண்ணப் பார்க்கிறேன். எனக்கு வரல” என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பாவம், ஒரு மனிதர் எட்டு வருடமாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

அக்கா முகம் மலர்ந்துவிட்டது. “இதத்தான சார் நான் ரெண்டு மாசமாக் கேக்கேன்! மூணு மணி நேரத்துக்குத்தான் நிக்கும்னா, மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா கலந்துக்கிடுதோம். தறி ஓட்டுனப்ப, காலைல வச்ச கஞ்சிய சாயந்தரம் பாவு நூலுக்குப் போடுவோமா? இது ஒரு கஷ்டமா?” என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். “பேப்பரக் கொண்டாங்க தம்பி. ஒண்ணு மட்டும். இந்தக் கொறைய அதுல எழுதிக் கொண்டாங்க.”

பேராசிரியர் சரி என்று தலையாட்டினார். நான் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். வேலை தப்பித்தது என்றுதான் நினைத்தேன்.

இயக்குநர் அதைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “பல்கலைக்கழகம் தன் கண்டுபிடிப்புல குறை இருக்குன்னு தானே முத்திரை போட்டு எழுதிக் கொடுக்கணுமா? உலகத்துல எவனாவது எழுதியிருக்கானா?” ஒப்பந்தத்தில் ஏற்கெனவே ஒரு பத்தி இருந்தது. இந்தக் கண்டுபிடிப்பு எதற்கும் உதவும் என்று பல்கலைக்கழகம் உறுதி கூறவில்லை, எந்தக் குறைக்கும் பொறுப்பேற்காது என்பது அதன் சாரம். அதைப் போனில் படித்துக் காட்டினேன். அக்கா கேட்டார்: “எந்தக் கொறைக்கும் பொறுப்பில்லன்னு இவ்வளவு நீளமா எழுதத் தெரியுது. என்ன கொறைன்னு ஒரு வரி எழுதத் தெரியலியா?”

ஜூலை முப்பத்தொன்று காலையில் இயக்குநர் என்னிடம் ஒப்பந்தத்தைக் கொடுத்தார். குறைப் பக்கம் இல்லாத ஒப்பந்தம். “கையெழுத்தை வாங்கிட்டு வா. அந்தப் பக்கத்தைப் பிற்பாடு சேர்த்துக்குவோம்னு சொல்லு” என்றார். “சேர்ப்பீங்களா சார்?” என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, “பஸ்ஸுக்கு நேரமாச்சு பார்” என்றார்.

அக்கா அன்று நல்ல சந்தோஷத்தில் இருந்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிற கடிகாரம்கூட வாங்கி வைத்திருந்தார், பசை கலக்க. மேஜைமேல் ஒப்பந்தத்தை வைத்ததும் கண்ணாடியைத் தேடினார். காணவில்லை. “என்னத்துக்குக் கண்ணாடி? நீங்க கொண்டாந்தா சரியாத்தான் இருக்கும்” என்று பேனாவைத் திறந்தார். பேனா முனை காகிதத்தைத் தொட்டும்விட்டது. ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்.

“கொறைப் பேப்பர் உள்ள இருக்குல்லா?”

‘இருக்குக்கா’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தேன். வந்தது வேறு.

“இல்லக்கா. பெறவு சேத்துக்கிடுவோம்னு சொல்லச் சொன்னாங்க. சேக்க மாட்டாங்க.”

பேனாவை மூடினார். அடடா, இந்த அக்கா குறையைச் சொல்கிறவனைத்தானே தலையில் தூக்கி வைப்பார், நம்மையும் ரெண்டு வார்த்தை நல்லதாகச் சொல்வார் என்று ஒரு ஓரத்தில் நினைத்துக்கொண்டு நின்றேன்.

“வாசல்ல நிக்கும்போதே சொல்லியிருக்கலாம்லா? பேனாவத் தொறக்க விட்டுட்டா சொல்லுவாக? பொய்யப் பைக்குள்ள வச்சுக்கிட்டுத்தான நம்ம வாசப்படி ஏறுனீங்க? இனிமே இங்கன வராதீங்க” என்றார். உள்ளே போய்விட்டார். காப்பி இல்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. எலுமிச்சம்பழம் விற்கிறவன் குறையைச் சொன்னால் பையை நீட்டுவார். உறங்குகிற டிரைவருக்கு வண்டி ஓட்டுவார். நான் என் வேலையையே விட்டெறிந்து குறையைச் சொல்லியிருக்கிறேன், என்னை மட்டும் விரட்டுவாராமா? கையெழுத்துப் போடாததுகூட எனக்கு வலிக்கவில்லை. இந்த அநியாயம்தான் வலித்தது. மறுநாள் பிரிவைப் பூட்டினார்கள். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், சித்தப்பா சிமெண்ட் கடையில் ஆள் தேவைப்படுகிறதாம் என்றார்.

ஆகஸ்ட் பதினைந்தன்று காலையில் போன் வந்தது. “தம்பி, சும்மாத்தான இருக்கீங்க? ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.” போகக் கூடாது என்று வைராக்கியமாகச் சட்டை மாட்டினேன். போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸும் ஏறினேன்.

கொடியேற்றி முடித்திருந்தார்கள். பெண்கள் மிட்டாய் தின்றுகொண்டு நின்றார்கள். அக்கா ஆபீஸ் அறையில் சேலையில் குத்திய கொடியோடு உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொருவரிடமாகச் சண்டை போட்டு, மூன்று மணி நேர விஷயத்தைத் தன் கையாலேயே எழுதி முத்திரை வாங்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாராம். நேற்றே கையெழுத்து ஆகிவிட்டது. “இன்னும் நாலு யூனிவர்சிட்டியில என்னென்னமோ கண்டுபுடிச்சு வச்சிருக்காகளாம். போய்ப் பாத்து, கொறையக் கேட்டு எழுதிட்டு வாறதுக்கு நமக்கு ஒரு ஆள் வேணும்” என்றார்.

அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாதா? பஸ்ஸிலேயே என் குறைகளை வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். ஆனால் அவர் கேட்கவில்லை.

“ஒங்ககிட்ட கேக்க வேண்டாம். ரெண்டு மாசமாப் பாத்தாச்சுல்லா? பொய் சொன்னா காது செவக்குது. அடுத்தவன் பேசி முடிக்கதுக்கு முன்னயே தலைய ஆட்டுதீங்க. காப்பியில சீனி இல்லன்னாலும் வாயத் தொறக்காமக் குடிக்கீங்க. அதிகாரி முன்ன நின்னா கையக் கட்டிக்கிடுதீங்க. உண்மையக் கடேசி நிமிஷம் வரைக்கும் அமுக்கி வச்சிருக்கீங்க. இன்னும் இருக்கு, போதும். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க.”

இத்தனையும் சொல்லிவிட்டு வேலை கொடுக்கிறவரை எங்கே பார்ப்பது? கை எடுத்துக் கும்பிட வேண்டியதுதான். ஆனால் அந்த பஸ் ஸ்டாப் ஆத்திரம் இன்னும் நெஞ்சில் கிடந்தது. எழுந்து நின்றவன் கேட்டுவிட்டேன்.

“அக்கா, ஒங்க கொறை என்ன?”

வாசலில் மிட்டாய் தின்றுகொண்டிருந்த பெண்கள் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. அக்கா மேஜைமேல் இருந்த குண்டூசி டப்பாவைத் திறந்தார், மூடினார். சேலையில் குத்திய கொடியைச் சரிசெய்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

“ஒரு ஆளுக்குத் தப்புப் பண்ணிட்டோம்னு மனசுக்குத் தெரிஞ்சாலும், அத வாயால ஒத்துக்கிட எனக்குப் பதினஞ்சு நாளாவும் தம்பி.”

ஜூலை முப்பத்தொன்றிலிருந்து மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.